தாலி கண்டத்துல இருக்கு

காடனூரணிக்குள் நுழைந்ததும் விக்னேஷ்குமாருக்குக் கிடைத்த முதல் மரியாதை, டீக்கடைக்காரர் ஒரு சொம்பு கழுவின தண்ணியை அவன் கால் பக்கமாகப் பார்த்து ஊற்றியதுதான்.

"டீ இல்ல."

"அண்ணாச்சி, பாய்லர் கொதிக்குது, பால் பொங்குது, கிளாசு கழுவி அடுக்கியிருக்கீக. டீ மட்டும் வெளியூருக்குப் போயிருச்சாக்கும்?"

"திருட்டுப்பய வீட்டுக்கு வழி கேட்டு வந்தவுகளுக்கு இங்கன டீ கெடையாது. போய்க்கிட்டே இரு."

பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் பீடியை வாயிலிருந்து எடுக்காமலே முறைத்தார்கள். விருதுநகரிலிருந்து சாத்தூர், சாத்தூரிலிருந்து ஏழாயிரம்பண்ணை ரோடு என்று ஆவணி வெயிலில் பைக் ஓட்டி வந்தவனுக்கு நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. இந்த ஊரில் விக்கல் எடுத்தால்கூடத் தண்ணி கிடைக்காது போலிருக்கே என்று மனசுக்குள் வைதான்.

"வாய்க்கு வேலை கொடுத்தது போதும், வண்டிய எடுலே" என்றாள் பின்னால் உட்கார்ந்திருந்த கற்பகம்.

கற்பகம் ஒரு காலத்தில் தமிழ் டீச்சர். பள்ளிக்கூட நிர்வாகியின் மகன் எழுதிய விடைத்தாளில் முட்டை போட்டாள், மாற்றச் சொன்னார்கள், மாட்டேன் என்றாள், வேலை போயிற்று. விருதுநகரில் எண்ணெய்க் கடை மாடியில் ஒரு ரூம் பிடித்து 'கற்பகம் துப்பறியும் நிலையம்' என்று போர்டு மாட்டினாள். விக்னேஷ்குமார் அவளிடம் படித்து, அவளிடமே பெயிலாகி, இப்போது அவளிடமே உதவியாளனாக இருப்பவன். தலையெழுத்து என்பது இதுதான் என்று அவன் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிவான்.

விவகாரம் இதுதான். காடனூரணிக் காளியம்மன் கோயிலுக்கு விடிந்தால் கும்பாபிஷேகம். திருப்பணி நடக்கும்போது அம்மனைப் பக்கத்தில் ஒரு கொட்டகையில் வைத்திருந்தார்கள். மூணு நாளைக்கு முன்னால் அங்கே வைத்து அம்மன் கழுத்துத் தங்கத் தாலி காணாமல் போனது. அன்று சாயங்காலமே, கோயில் பூச்சு வேலைக்காரன் முனியராஜ் கோபுரச் சாரத்திலிருந்து விழுந்து மண்டை உடைந்தான். 'தாலியைத் திருடினான், அம்மனே தள்ளிவிட்டுட்டா' என்று ஊர் ஒரே வாயாகத் தீர்ப்புச் சொல்லிவிட்டது. இன்று பொழுது சாய்வதற்குள் தாலி வராவிட்டால் முனியராஜ் பெண்டாட்டி சண்முகத்தாய் ஊரைவிட்டு வெளியேற வேண்டும். இவர்களைக் கூப்பிட்டு விட்டதும் அவள்தான். முனியராஜ் கண் திறந்தால் கையில் விலங்கு. திறக்காவிட்டால் திருடன் என்ற பேரோடு சுடுகாடு.

சண்முகத்தாய் வீட்டு வாசலில் யாரோ வேலமுள்ளை வெட்டிப் போட்டிருந்தார்கள். விக்னேஷ்குமார் காலால் ஒதுக்கி வழி பண்ணினான். உள்ளே இருந்து வந்தவளுக்கு முப்பது வயசு இருக்கும். பட்டாசு கம்பெனியில் மருந்து அடைத்து, லேபிள் ஒட்டி விரல் நுனியெல்லாம் ஈயச் சாயம் ஏறிக் கிடந்தது. மூணு நாளாக அழுத கண் வற்றிப்போய், இப்போது அதில் கோபம் மட்டும்தான் மிச்சம் இருந்தது.

"குழாயில தண்ணி புடிக்க விடல. கம்பெனியில வேலைக்கு வராதன்னுட்டாக. சீசன் நேரத்துல ஒரு ஆளு கொறஞ்சா உசுரு போற முதலாளி, என்னைய மட்டும் போன்னுட்டாரு."

"முதலாளி யாரு?"

"சங்கிலிமுத்து. அவருதான் கோயிலுக்கும் தர்மகர்த்தா."

"சரி தாயி. உம் புருசன் விழுந்ததும் என்ன சொன்னாரு? ஒரு எழுத்து மாத்தாம அப்படியே சொல்லு."

"தலையத் தூக்கி மடியில வச்சேன். அப்பத்தான் தர்மகர்த்தா சிவகாசியில பத்திரிகை அடிச்சு வாங்கிட்டுக் கார்ல வந்து எறங்குனாரு. அவரப் பாத்ததும் இவரு வாயத் தொறந்தாரு. 'அம்மன் தாலி கண்டத்துல இருக்கு'ன்னாரு. அம்புட்டுத்தான். அப்புறம் கண்ணத் தொறக்கல. ஒரு லோடு வேன்ல, பட்டாசுப் பெட்டி மேல படுக்கப் போட்டுத்தான் சாத்தூர் ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனேன்."

"ஊருக்குள்ள 'தாலிக்குக் கண்டம் இருக்கு'ன்னுல்ல சொல்லுதாக?"

"கான்ட்ராக்டரு சுந்தரபாண்டிதான் அப்படிக் கத்துனாரு. 'அய்யய்யோ, தாலிக்குக் கண்டம்ங்கான், ஊருக்கே கண்டம்'னு. ஒடனே சாத்தூர்ல இருந்து ஐயரக் கூட்டிட்டு வந்து பரிகார ஓமம் வளக்க ஆரம்பிச்சுட்டாக. மூணு நாளா நடக்குது."

விக்னேஷ்குமார் இடையில் புகுந்தான். "மேடம், ரெண்டும் ஒண்ணுதான? கண்டம்னா ஆபத்து. எனக்கே இருபத்தெட்டு வயசுல ஒரு கண்டம்னு சோசியர் சொன்னாரு. சரியா அந்த வருசம்தான் உங்ககிட்ட வேலைக்குச் சேந்தேன்."

"உனக்கு என்ன கண்டம், எனக்குத்தான் கண்டம். ஏலே, 'எனக்குக் கண்டம்'னு சொன்ன பாரு, அதுல என்ன உருபு வந்துச்சு? 'கு'. நாலாம் வேற்றுமை. கண்டம் எப்பவும் ஒருத்தருக்கு வரும். 'ல' போட்டா அது இடம். ஏழாம் வேற்றுமை. வீட்டுல இருக்கு, பெட்டியில இருக்குன்னு சொல்லுத மாதிரி, கண்டத்துல இருக்குன்னு அந்த மனுசன் சொல்லியிருக்காரு. சாகப்போறவன் உருபு மாத்திப் பேசமாட்டான்."

"சாகப்போறவன்னு சொல்லாதீக" என்றாள் சண்முகத்தாய்.

கற்பகம் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "தப்புத்தான் தாயி. மன்னிச்சுக்கோ."

"அவருக்குச் சோசியம் சாதகம்னாலே ஆகாது. எங்க கல்யாணமே பொருத்தம் பாக்காமத்தான் நடந்துச்சு. அவரு வாயில கண்டம் கிண்டம்னு வராது, மேடம். யாரு காதுல சொல்ல? கேக்க ஊருல ஒரு காது இல்ல."

"கோயிலுக்கு வா."

"என்னைய உள்ள விடமாட்டாக."

"வாசல் வரைக்கும் வா. மத்தத நான் பாத்துக்கிடுதேன்."

கோயிலுக்குப் போகிற வழி பூராவும் ஊர் பார்த்தது. ஒரு கிழவர் காறித் துப்பினார். ஒரு பொம்பளை, பிள்ளையை இழுத்து முந்தானைக்குள் மூடிக்கொண்டாள். அலங்கார வளைவுக்கு வெளியே சண்முகத்தாய் நின்றுவிட்டாள். அதற்கு மேல் அவள் ஒரு அடி வைத்தால் அடி விழும் என்பது அங்கே நின்றவர்கள் மூஞ்சியிலேயே தெரிந்தது.

கோயில் புதுசாகப் பளபளத்தது. தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்கு அடுக்கடுக்காக மேடும் பள்ளமுமாய் வரி இழுத்த அடித்தளம். அதன் மேல் சுவர், சுவருக்கு மேல் வளைந்து தொங்கும் கொடுங்கை. எல்லாம் சிமெண்டில் செய்தது என்றாலும் சும்மா சொல்லக்கூடாது, நூல் பிடித்த மாதிரி சுத்தமான வேலை. வடக்குப் பக்கம் அடித்தளத்தை ஒட்டி ஓம குண்டம் புகைந்தது. அதைச் சுற்றி அடித்தளத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டு ஊர்ப் பெண்கள் போற்றி பாடிக்கொண்டிருந்தார்கள். தொண்டை கட்டிப்போயிருந்தது. ராவும் பகலும் மாறி மாறிப் பாடினால் கட்டாமல் என்ன செய்யும்?

தர்மகர்த்தா சங்கிலிமுத்து வெள்ளைச் சட்டை விறைக்க எதிரே வந்தார்.

"யாரக் கேட்டு உள்ள வந்தீக?"

"சாமி கும்பிட வந்தோம்" என்றாள் கற்பகம்.

"கும்பிட்டாச்சுல்ல, கெளம்புங்க. பொம்பளையாச்சேன்னு வாயால சொல்லுதேன்."

"நான் ஆம்பளைதான் அண்ணாச்சி" என்றான் விக்னேஷ்குமார். "எனக்கும் வாயாலயே சொல்லுங்க, போதும்."

சங்கிலிமுத்து கையை ஓங்கியே விட்டார். நடுவில் சிரித்துக்கொண்டே புகுந்தவர்தான் கான்ட்ராக்டர் சுந்தரபாண்டி. காரியாபட்டிப் பக்கத்து ஆள். நெற்றி நிறைய விபூதி, சட்டைப் பையில் செல்போன், வேட்டியில் ஒரு பொட்டுச் சிமெண்டுகூட இல்லை. "விடுங்க முதலாளி, நல்ல நாளும் அதுவுமா எதுக்கு? அவுக பாட்டுக்குப் பாத்துட்டுப் போகட்டும்" என்று தேனாக ஒழுகினார். இந்த ஊரில் முதல் முதலாகச் சிரித்த முகத்தைப் பார்த்ததும் விக்னேஷ்குமார் ஒரு அடி பின்னால் நகர்ந்தான். சிரிக்கிற மேஸ்திரி வீடு ஒழுகும் என்று அவன் அம்மா சொல்வாள்.

அந்த நேரம் பார்த்துச் சுவரோரம் பெயிண்ட் டப்பாவோடு குந்தியிருந்த ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம் புலம்பினாள். முத்துப்பேச்சி என்று பேர். சுந்தரபாண்டியிடம் கூலிக்கு வர்ணம் அடிப்பவள்.

"எல்லாப் பக்கமும் முடிஞ்சுபோச்சு. வடக்க கண்டத்துக்கு மட்டும் இன்னும் பெயிண்டே படல. இவுக பாடி முடிச்சு எந்திரிச்சு, நம்ம எப்ப அடிச்சு, எப்பக் காய?"

"ஏ முத்துப்பேச்சி!" சுந்தரபாண்டியின் தேன் சட்டென்று வற்றியது. "உஞ்சோலியப் பாரு. அந்த வேலைய ராத்திரி நானே பாத்துக்கிடுதேன். ஓமம் முடிஞ்சதும் அம்புட்டுப் பேரும் வீட்டுக்குப் போயிருங்க. ஒரு ஆளு இங்கன இருக்கக்கூடாது."

விக்னேஷ்குமார் கற்பகத்தின் காதோரம் குனிந்தான். "மேடம், இந்த ஊருல கண்டத்துக்குப் பெயிண்ட் அடிக்காகளாம். எங்க சோசியர் எலுமிச்சம்பழத்தோட நிப்பாட்டிட்டாரு."

கற்பகம் சிரிக்கவில்லை. அவள் பார்வை அடித்தளத்தில் போய் நின்றது. கை மெல்ல உயர்ந்து அவள் கழுத்தைத் தொட்டது. முட்டை போடுவதற்கு முன்னால் வகுப்பில் இப்படித்தான் ஒரு நிமிஷம் சும்மா நிற்பாள். அந்த நிமிஷத்தை விக்னேஷ்குமார் நாலு வருஷம் அனுபவித்திருக்கிறான்.

"அண்ணாச்சி" என்று சுந்தரபாண்டியிடம் குழைந்தாள். டீச்சருக்கு இப்படிக் குழையத் தெரியும் என்பதே அவனுக்கு அன்றைக்குத்தான் தெரியும். "வேலைன்னா இது வேலை. கீழ இருந்து அடுக்கடுக்கா எம்புட்டு அழகா இழுத்திருக்கீக! இந்த வரி ஒவ்வொண்ணுக்கும் பேரு உண்டா, இல்ல சும்மா அழகுக்கா?"

"பேரு இல்லாமயா?" புகழ்ச்சி வேலை செய்தது. கூட்டமும் திரும்பிப் பார்க்க, சுந்தரபாண்டி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு விரல் நீட்டினார். "அடியில இருக்குல்ல, இது உபானம். அதுக்கு மேல உசரமா இருக்கது ஜகதி. உருண்டையா வருது பாருங்க, இது குமுதம். அதுக்கு மேல..."

நிறுத்தினார். தொண்டையைச் செருமினார்.

"அதுக்கு மேல, உச்சியில, பட்டிகை. அம்புட்டுத்தான்."

"நடுவுல ஒண்ண முழுங்கிட்டீகளே அண்ணாச்சி."

"என்னத்த முழுங்குனேன்?"

"உருண்டைக்கும் உச்சிக்கும் நடுவுல உள்வாங்கி ஒரு பள்ளம் சுத்தி ஓடுதே. அதுக்குப் பேரு?"

"அதுவா? அதுக்கு ஏது பேரு? அது சும்மா எடவெளி."

முத்துப்பேச்சிக்குப் பொறுக்கவில்லை. பிரஷ்ஷை டப்பாவில் போட்டுவிட்டு எழுந்தாள். "எது, எடவெளியா? போன வாரம் பூரா 'குமுதத்துக்கு மஞ்சள், கண்டத்துக்குச் செவப்பு'ன்னு எங்க உசுர வாங்குனீக. மாத்தி அடிச்சுட்டேன்னு என்னைய எம்புட்டுக் கேவலமா வஞ்சீக! இன்னைக்கு அது பேரில்லாத எடவெளியாயிருச்சாக்கும்?"

பாட்டு நின்றது. ஐயர் கையில் எடுத்த நெய்க் கரண்டி அப்படியே நின்றது.

"கேட்டீகளா?" கற்பகத்தின் குரலில் இப்போது குழைவு இல்லை. பழைய வகுப்பறைக் குரல் வந்துவிட்டது. "கண்டம்னா கழுத்து. கோயில் கட்டுறவுக இந்தப் பள்ளத்துக்கு வச்ச பேரு. முனியராஜ் சோசியம் சொல்லல, இடம் சொன்னாரு. தாலி கழுத்துலதான் இருக்கு. அம்மன் கழுத்துல இல்ல, கோயில் கழுத்துல. எந்திரிங்க தாயி, எல்லாரும் கொஞ்சம் எந்திரிங்க."

பெண்கள் சேலையைச் சுருட்டிக்கொண்டு எழுந்து விலகினார்கள். கற்பகம் மண்டியிட்டுப் பள்ளத்துக்குள் கையை விட்டுத் தடவிக்கொண்டே போனாள். சுவர் முனை பக்கம் கை நின்றது. மற்ற இடமெல்லாம் கரண்டி போட்டு வழவழவென்று தேய்த்த பூச்சு. அங்கே மட்டும் அவசரத்தில் கையாலேயே அப்பின பூச்சு; விரல் தடம்கூட அழியவில்லை.

"விக்னேசு, சாவி."

"வண்டிச் சாவி வளஞ்சா நாம நடந்துதான் போகணும்."

"சுரண்டுலே!"

சுரண்டினான். பூச்சு பெயர்ந்தது. உள்ளே செங்கல் சந்தில் ஒரு பொட்டலம். சங்கிலிமுத்து கம்பெனியின் கம்பி மத்தாப்புப் பெட்டியில் ஒட்டுகிற லேபிள், மயில் படம் போட்டது. பிரித்ததும் மஞ்சள் கயிறோடு அம்மன் தாலி கற்பகத்தின் உள்ளங்கையில் விழுந்தது. பெண்கள் போட்ட குலவையில் விக்னேஷ்குமாருக்குக் காது அடைத்தது.

"அப்பாடா" என்று மூச்சு விட்டான். சீக்கிரம் விட்டுவிட்டான்.

"பாத்தீகளா! பாத்தீகளா!" சுந்தரபாண்டி குலவைக்கு மேலே கத்தினார். "அவன் பூசுன பூச்சு, அவன் பெண்டாட்டி ஒட்டுத லேபிளு! திருடி ஒளிச்சது அவன்தான்னு இப்பத் தெரிஞ்சுபோச்சா? திருட்டுப்பய குடும்பம்!"

கூட்டம் முணுமுணுத்தது. "அதான!" என்றது ஒரு குரல். "வெளிய நிக்காளே, அவளப் புடிங்கடா" என்றது இன்னொன்று. நாலைந்து பேர் வளைவு பக்கம் திரும்பியே விட்டார்கள். சண்முகத்தாய் நகரவில்லை. சேலைத் தலைப்பை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு, வாங்கடா என்கிற மாதிரி நின்றாள்.

"நில்லுங்க!" கற்பகம் போட்ட சத்தத்தில் ஓம குண்டமே அவிந்திருக்கும். "கூறு இருக்கா உங்களுக்கு? திருடி ஒளிச்சவன், ஒளிச்ச இடத்தத் தர்மகர்த்தாவக் கூப்பிட்டா சொல்லுவான்? இந்தக் கான்ட்ராக்டரு கொட்டகையில இருந்து தாலிய எடுத்துத் தன் பைக்குள்ள போட்டத முனியராஜ் பாத்திருக்காரு. பையில இருந்து எடுத்துட்டாரு. கொடுக்கலாம்னா தர்மகர்த்தா ஊருல இல்ல, சிவகாசிக்குப் போயிட்டாரு. அவரு வர வரைக்கும் பத்திரமா இருக்கட்டும்னு, தெனம் தான் பூசுத இடத்துலயே வச்சுப் பூசிட்டாரு."

"கதை! இதெல்லாம் கதை!"

"அப்ப நீங்க பதில் சொல்லுங்க. கண்டம்னா ஆபத்துன்னு ஊரு நெனச்சுச்சு, நியாயம். ஐயர் நெனச்சாரு, நியாயம். கண்டம் கண்டம்னு தெனம் கூலியாளுகளோட தொண்டத்தண்ணி வத்தக் கத்துத உங்களுக்கு அது எப்படி வெளங்காமப் போச்சு? வெளங்குச்சு. ஊருக்கு வெளங்கிறக்கூடாதுன்னுதான் அம்புட்டுச் சத்தமா 'ஊருக்கே கண்டம்'னு கத்துனீக. கூட்டம் பயந்து வீட்டுக்குள்ள போயிரும், ராவோட ராவா எடுத்துறலாம்னு பாத்தீக. பாவம், இந்த ஊரு உங்கள நம்பிப் பரிகாரம் பண்ண அந்தக் கண்டத்து மேலயே வந்து முதுகச் சாய்ச்சு உக்காந்துருச்சு. மூணு நாளா கை வைக்க வழியில்ல. அதான் இன்னைக்கு ராத்திரி நானே பெயிண்ட் அடிக்கேன்னு நிக்கீக. வேட்டியில ஒரு சொட்டு படவிடாத மனுசன்!"

"சாட்சி இருக்கா?"

கற்பகம் உதட்டைக் கடித்தாள். விக்னேஷ்குமாருக்கு அது தெரிந்தது. டீச்சர் உதட்டைக் கடித்தால் கையில் சரக்கு தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். சுந்தரபாண்டிக்கும் தெரிந்துவிட்டது. வற்றிய தேன் மறுபடி ஊற ஆரம்பித்தது.

"நான் இருக்கேன்" என்றாள் முத்துப்பேச்சி.

"ஏ, கூலி வேணுமா வேண்டாமா ஒனக்கு?"

"ஒங்கூலிய நீயே வச்சுக்கோ." மரியாதை போயிருந்தது. "அன்னைக்கு வேலை முடிஞ்சு முனியராஜ் கைகால் கழுவிட்டாரு. கலசத்துக்கிட்டப் பூச்சு விட்டுப்போச்சுன்னு மறுபடி ஏத்துனது நீ. சாரத்துல எவன் ஏறுனாலும் கீழ நின்னு வேடிக்கை பாக்குத ஆளு, அன்னைக்கு அவரு பின்னாலயே ஏறுன. எறங்கையில நீ ஏணியில எறங்குன. அவரு விழுந்தாரு. கண்ணால கண்டத வயித்துக்குப் பயந்து மூணு நாளா முழுங்கிட்டு இருந்தேன். இதுக்கு மேல செமிக்காது."

சுந்தரபாண்டி திரும்பி ஓடியவர், பெயிண்ட் டப்பாவில் கால் இடறிக் குப்புற விழுந்தார். வேட்டி பூராவும் செவப்பு. இத்தனை நேரம் முனியராஜைத் திருடன் என்று வைத வாய்கள், அதே சுதியில் அவரை வைதுகொண்டு அவர் மேல் பாய்ந்தன. இவர்களுக்கு அடிக்க ஒரு ஆள் வேண்டும், அம்புட்டுத்தான் என்று விக்னேஷ்குமாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அடிச்சுக் கொன்னுறாதீக" என்று கற்பகம் உள்ளே புகுந்தாள். "போலீசு வர வரைக்கும் உசுரோட இருக்கணும். நான் இங்கனயேதான் நிப்பேன்."

யாரோ விக்னேஷ்குமாரின் முழங்கையைத் தொட்டார்கள். டீக்கடைக்காரர். கையில் ஆவி பறக்க ஒரு கிளாஸ்.

"தம்பி, டீ."

"என்ன அண்ணாச்சி, வெளியூருக்குப் போன டீ அதுக்குள்ள வந்துருச்சா?" என்றான். நாக்கு வறண்டுதான் கிடந்தது. ஆனாலும் கையை நீட்டவில்லை.

சங்கிலிமுத்து தாலியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வளைவு வரைக்கும் நடந்து போனார். பின்னாலேயே பெண்களும் போனார்கள்.

"உள்ள வாம்மா சண்முகத்தாயி. ஊரு தெரியாமப் பண்ணிருச்சு. ஆத்தா தாலி கெடச்சுருச்சு. உங்கையால எடுத்துக் குடு, நாளைக்கு மொத மரியாதை ஒனக்குத்தான்."

அவள் உள்ளே வரவில்லை. தாலியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அப்புறம் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"ஆத்தா தாலி கெடச்சுருச்சு மொதலாளி. எந் தாலி அங்கன ஆசுபத்திரியில மூச்சு இழுத்துக்கிட்டுக் கெடக்கு. இதுக்கு மூணு நாளு ஓமம் வளத்தீகளே, அதுக்குக் கண்டம்னு ஒருத்தராச்சும் வந்து எட்டிப் பாத்தீகளா?"

சங்கிலிமுத்து அவசரமாகக் கார்ச் சாவிக்காக வேட்டி மடிப்பைத் துழாவினார். "இப்பவே போம்மா. என் கார எடுத்துட்டுப் போ. டிரைவர் இருக்கான்."

"வேணாம்." சண்முகத்தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அன்னைக்கு, 'ரத்தம் பட்டா சீட்டு வீணாப்போகும், லோடு வேன்ல ஏத்து'ன்னு சொன்னீகளே, அதே காருதான மொதலாளி?"

கேட்டுவிட்டு அவள் திரும்பினாள். விக்னேஷ்குமாரிடம் வந்து, "தம்பி, சாத்தூருக்கு வண்டிய எடுங்க" என்றாள்.

வளைந்துபோன சாவியைச் சட்டையில் துடைத்து நிமிர்த்திப் போட்டு, அவன் வண்டியை உதைத்தான். அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போகிற வழியில், அவள் வீட்டு வாசல் வேலமுள்ளை யார் யாரோ அவசர அவசரமாக அள்ளிக்கொண்டிருந்தார்கள். அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.